டார்ச் வெளிச்சத்தில் வீக்கத்தைச் சோதிப்பது எப்படி

விதைப்பையில் வீக்கம், மணிக்கட்டில் ஒரு கட்டி, பிறந்த குழந்தையின் கழுத்தில் மெத்தென்று ஒரு புடைப்பு. இப்படி யாராவது வந்து நின்றால் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும் முன்பே செய்துவிடக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. தோலில் டார்ச்சை வைத்து, வெளிச்சம் உள்ளே புகுந்து மறுபக்கம் வருகிறதா என்று பார்ப்பது, அவ்வளவுதான். ஊசி இல்லை, வலி இல்லை, செலவு இல்லை. ஆனால் இதை அரைகுறையாகச் செய்பவர்களே அதிகம். பட்டப்பகலில், ஜன்னல் திறந்திருக்க, செல்போன் வெளிச்சத்தை ஏதோ ஒரு பக்கம் காட்டிவிட்டு ‘ஒளி போகவில்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். எப்படிச் செய்தால் சரியாக வரும், வந்த பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று இங்கே எழுதுகிறேன். ஹவுஸ் சர்ஜன்களையும் செவிலியர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், ஆனால் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்காரர்களும் படிக்கலாம், அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதில் இருக்கிறது.

முதலில் இது ஏன் வேலை செய்கிறது என்பது புரிய வேண்டும். இருட்டில் டார்ச்சின் முகத்தை விரலால் மூடினால் விரல் சிவப்பாகத் தெரியும். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் மஞ்சளையும் விழுங்கிவிட்டு, சிவப்பையும் அதையடுத்த அகச்சிவப்பையும் பெருமளவு விட்டுவிடுகிறது. சுமார் 650 முதல் 950 நானோமீட்டர் வரையுள்ள ஒளிதான் உடம்புக்குள் நன்றாகப் போகும். அவ்வளவு வெளிச்சம் போயும் விரலுக்குள் எலும்பின் வடிவம் தெரிவதில்லை, ஏனென்றால் தோலும் கொழுப்பும் தசையும் ஒளியை நேராகப் போகவிடாமல் நாலாபக்கமும் சிதறடிக்கின்றன. தெளிந்த நீர் அப்படிச் சிதறடிக்காது. அதனால் மெல்லிய சுவரும் தெளிந்த நீரும் உள்ள ஒரு பை இருந்தால் அது முழுவதும் ஒளிரும். உள்ளே இருப்பது தெளிந்த நீரா என்ற ஒரே ஒரு கேள்விக்குத்தான் டார்ச் பதில் சொல்லும். புற்றா இல்லையா, ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்றெல்லாம் அதனிடம் கேட்கக் கூடாது.

இந்தச் சோதனை அதிகம் பயன்படுவது விதைப்பை வீக்கத்தில், அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன். விதையைச் சுற்றியுள்ள இரட்டைச் சவ்வுக்கு நடுவில் நீர் கோத்துக்கொள்வதுதான் ஹைட்ரோசில், ஊர்ப்பக்கம் விரைவீக்கம் என்பார்கள். பல ஆண்கள் இதை வருஷக்கணக்கில் வேட்டிக்குள் மறைத்து வைத்திருந்து, நடக்கவே சிரமம் என்ற நிலை வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். காவிரி டெல்டா மாதிரி யானைக்கால் நோய் பரவியிருந்த பகுதிகளில் இது இன்னும் அதிகம். கியூலெக்ஸ் கொசு பரப்பும் அதே ஃபைலேரியா புழு காலில் வீக்கத்தையும் உண்டாக்கும், விதைப்பையில் நீரையும் சேர்க்கும். உலகம் முழுக்க சுமார் 2.5 கோடி ஆண்களுக்கு ஃபைலேரியாவால் வந்த விரைவீக்கம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கால் வீக்கம் முற்றிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது கஷ்டம், ஆனால் விரைவீக்கத்தைச் சின்ன ஆபரேஷனில் சரிசெய்துவிடலாம். அதனால்தான் கூச்சத்தால் மறைத்து வைத்திருப்பவரைப் பார்க்கும்போது எனக்கு அவ்வளவு ஆதங்கமாக இருக்கும்.

அதனால் டார்ச்சைக் கையில் எடுக்கும் முன் கதவைச் சாத்துங்கள், திரையை இழுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள், ஏன் விளக்கை அணைக்கிறீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். ‘ஐயா, வெளிச்சம் காட்டிப் பார்க்கப் போறேன், வலிக்காது, ஒரு நிமிஷம் லைட்டை அணைக்கிறேன்’ என்று சொன்னால் போதும், பாதிக் கூச்சம் போய்விடும். உடன் ஒரு சக ஊழியர் இருப்பது நல்லது.

வெளிச்சத்துக்கு முன் கை. நோயாளியை நிற்க வைத்து, விதைப்பையின் மேற்கழுத்தில், அதாவது வீக்கம் தொடங்கும் இடத்துக்கு மேலே, கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்கின்றனவா என்று பாருங்கள். சேர்ந்தால் வீக்கம் விதைப்பைக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். சேராமல் வீக்கம் தொடைமடிப்பு வரை ஏறிப்போனால் அது குடலிறக்கமாக இருக்கலாம். இருமச் சொல்லுங்கள், இருமும்போது விரலில் ஒரு உந்தல் தட்டினால் குடலிறக்கச் சந்தேகம் இன்னும் வலுக்கும். படுக்க வைத்தால் வீக்கம் தானாக உள்ளே போகிறதா என்றும் பாருங்கள். கையால் இவ்வளவும் பார்க்காமல் நேரே டார்ச்சுக்குப் போகிறவர் பாதிச் சோதனையைத்தான் செய்கிறார்.

இனி வெளிச்சம். அறை உண்மையிலேயே இருட்டாக வேண்டும். ஜன்னலைச் சாத்தி விளக்கை அணைத்த கையோடு பார்க்காதீர்கள், கண் இருட்டுக்குப் பழக இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள். நம் ஊர்த் தோல் நிறத்துக்கு இது ரொம்ப முக்கியம். தோலின் கருநிறமி கொஞ்சம் ஒளியை விழுங்கிவிடும், அதிலும் விதைப்பைத் தோல் உடம்பிலேயே கருத்த பகுதிகளில் ஒன்று. வெளிச்சமான அறையில் மங்கலான ஒளிர்வைத் தவறவிடுவது சுலபம்.

டார்ச்சின் முகம் சின்னதாக இருக்க வேண்டும். பேனா டார்ச் நல்லது. பழைய குண்டு பல்பு டார்ச்சில் சிவப்பு ஒளி நிறைய வரும், ஆனால் சூடாகும். எல்.இ.டி. அவ்வளவாகச் சுடாது, வெள்ளை எல்.இ.டி.யில் சிவப்பு கொஞ்சம் குறைவுதான் என்றாலும் பிரகாசம் அதை ஈடுகட்டிவிடும். செல்போன் வெளிச்சத்தையும் பயன்படுத்தலாம், ஆனால் அது அகலமாகப் பரவி வீக்கத்தின் ஓரங்களில் கசிந்து கண்ணில் அடிக்கும், அந்தக் கசிவைப் பார்த்து உள்ளே ஒளிர்கிறது என்று நினைத்துவிடுவார்கள். இதற்கு மெடிக்கல் காலேஜ்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுக்கும் வழி ஒன்று உண்டு. ஒரு தாளையோ பழைய எக்ஸ்-ரே ஃபிலிமையோ குழாயாகச் சுருட்டி, ஒரு முனையை வீக்கத்தின் ஒரு பக்கத்தில் பொருத்திக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கத்தில் டார்ச்சைத் தோலோடு ஒட்டி வையுங்கள். குழாயின் மறுமுனையில் கண்ணை வைத்துப் பாருங்கள். அப்போது உள்ளே புகுந்து வந்த ஒளி மட்டும்தான் கண்ணுக்கு வரும்.

ஒரு கையால் வீக்கத்தை மெதுவாகப் பிடித்து மேல்தோல் விறைப்பாக இருக்கும்படி இழுத்துக்கொள்ளுங்கள், சுருக்கம் இருந்தால் ஒளி மங்கும். டார்ச்சைப் பின்பக்கம் வைக்காதீர்கள், விரைவீக்கத்தில் விதை பெரும்பாலும் பின்னால்தான் ஒதுங்கியிருக்கும், அங்கே வைத்தால் விதையே ஒளியை மறைத்துவிடும். பக்கவாட்டில் வைத்து, மறுபக்கத்தில் பாருங்கள். தெளிந்த நீர் என்றால் முழு வீக்கமும் செம்மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரே சீராக ஒளிரும், பின்னால் விதை ஒரு இருண்ட நிழலாகத் தெரியும். அந்த நிழல் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மறுபக்க விதைப்பையிலும் இதே மாதிரி செய்து ஒப்பிடுங்கள்.

ஒளிரவில்லை என்றால்? நீர் இல்லை என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். அடிபட்டு ரத்தம் கோத்திருந்தால் ஒளி போகாது. சீழ் பிடித்திருந்தால் போகாது. ஃபைலேரியாவில் பால் நிறத்தில் நிணநீர் சேர்ந்திருந்தால் போகாது. பல வருஷமாக இருக்கும் விரைவீக்கத்தில் சவ்வு தடித்து, சில சமயம் சுண்ணாம்பு படிந்துகூட இருக்கும், உள்ளே தெளிந்த நீரே இருந்தாலும் சுவர் ஒளியை மறித்துவிடும். விதையிலேயே வளரும் திடமான கட்டியும் ஒளியை விடாது. அதாவது ‘ஒளிரவில்லை’ என்பது இன்னும் கவனமாகப் பார் என்ற பதில்.

ஒளிர்ந்தாலும் கதை முடிந்துவிடுவதில்லை, இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். விதையில் புற்றுக்கட்டி வந்தாலும் அதைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளலாம். நீர் அழகாக ஒளிரும், கட்டி உள்ளே மறைந்திருக்கும். விதைப் புற்று இளைஞர்களுக்குத்தான் அதிகம் வருகிறது, பதினைந்திலிருந்து நாற்பது வயதுக்குள். அந்த வயதுக்காரருக்குப் புதிதாக விரைவீக்கம் வந்தால், எவ்வளவு நன்றாக ஒளிர்ந்தாலும், விதையைக் கையால் தொட்டு உணர முடியவில்லை என்றால், கட்டாயம் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்க வேண்டும். ஊசி போட்டு நீரை இழுத்துப் பார்க்கலாமா என்று யோசிக்கவே கூடாது.

திடீரென்று தாங்க முடியாத வலியோடு, வாந்தியோடு, விதை மேலே ஏறிக்கொண்டு ஒரு பையன் வந்தால் டார்ச்சைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து முறுக்கை எடுத்தால்தான் விதையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு, அதற்கப்புறம் ஒவ்வொரு மணி நேரமும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். இது பெற்றோருக்கும் சேர்த்துத்தான். பையன் வெட்கப்பட்டு ‘வயிறு வலிக்குது’ என்று மட்டும் சொல்வான், கேட்டுப் பாருங்கள்.

கைக்குழந்தைகள் விஷயம் தனி. ஆண் குழந்தை கருவில் இருக்கும்போது விதை வயிற்றிலிருந்து கீழே இறங்கி வரும் பாதை பிறந்த பிறகும் முழுசாக மூடாமல் இருந்தால், வயிற்று நீர் அதன் வழியாக இறங்கிச் சேரும். காலையில் சின்னதாகவும் சாயங்காலம் பெரிதாகவும் இருக்கிறது என்று அம்மாக்களே சரியாகக் கவனித்துச் சொல்வார்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வயதுக்குள் தானே வற்றிவிடும், டாக்டர் காத்திருக்கச் சொன்னால் பயப்பட வேண்டாம். ஆனால் குழந்தைக்கு டார்ச் சோதனை ஏமாற்றும். குழந்தையின் குடல் சுவர் அவ்வளவு மெல்லியது, உள்ளே காற்றும் இருக்கும், அதனால் விதைப்பைக்குள் இறங்கிய குடலும் நீர் மாதிரியே ஒளிரும். வீட்டில் செல்போன் வெளிச்சத்தில் பார்த்து ‘நீர்தான், ஒன்றுமில்லை’ என்று யாரும் முடிவு செய்யக் கூடாது. வீக்கம் திடீரென்று கல் மாதிரி கெட்டியாகி, குழந்தை விடாமல் அழுது, வாந்தி எடுத்தால் குடல் சிக்கிக்கொண்டிருக்கலாம். ராத்திரி என்றாலும் உடனே கிளம்புங்கள்.

மற்ற கட்டிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டின் மேல்பக்கம் வரும் உருண்டையான நீர்க்கட்டி பேனா டார்ச்சிலேயே ஒளிரும், கொழுப்புக்கட்டி அந்த அளவு ஒளிராது. குழந்தைகளின் கழுத்தில் நிணநீர் சேர்ந்து வரும் மெத்தென்ற கட்டி மிகப் பிரகாசமாக ஒளிரும், முதல் முறை பார்ப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். நாக்குக்குக் கீழே நீலம் கலந்த நிறத்தில் வரும் எச்சில் கட்டியும் ஒளிரும். முதுகுத்தண்டு வரிசையில் பிறவியிலேயே வரும் புடைப்பில், வெறும் நீர்ப்பை என்றால் நன்றாக ஒளிரும், நரம்புத்திசு உள்ளே இருந்தால் அங்கங்கே நிழல் விழும். ஆனால் எதுவாக இருந்தாலும் அந்தக் குழந்தையை நரம்பியல் அறுவை மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

பச்சிளம் குழந்தைப் பிரிவில் இந்தச் சோதனை உயிரைக் காப்பாற்றும். வென்டிலேட்டரில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் அளவு சட்டென்று சரிந்தால், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து அழுத்துகிறதா என்று உடனே தெரிய வேண்டும், எக்ஸ்-ரே வந்து சேரும் வரை காத்திருக்க முடியாமல் போகலாம். நெஞ்சில் ஒளி காட்டி இதைக் கண்டுபிடிக்கும் முறை 1970-களிலிருந்து மருத்துவ இதழ்களில் இருக்கிறது. விளக்குகளை அணைத்து, அதிகம் சுடாத ஒளிக்கருவியின் முனையைக் காறை எலும்புக்குக் கீழே தோலோடு செங்குத்தாக வையுங்கள், அப்புறம் அக்குளில், பிறகு முலைக்காம்புக்குக் கீழே. மறுபக்கத்திலும் அதே இடங்களில் வைத்து ஒப்பிடுங்கள். சாதாரணமாக முனையைச் சுற்றி ஒரு சின்ன ஒளிவளையம்தான் தெரியும். காற்று கசிந்திருந்தால் அந்தப் பக்க நெஞ்சே ஒழுங்கில்லாத வடிவத்தில் பரந்து ஒளிரும். தோலடியில் நீர் கோத்த குழந்தைக்கு இல்லாததை இருப்பதாகக் காட்டும். நெஞ்சுச் சுவர் தடித்த, நிறைமாதக் குழந்தைக்கு இருப்பதையே காட்டாமல் விடும். குழந்தை தாங்குகிறது என்றால் எக்ஸ்-ரேவில் உறுதி செய்துகொண்டுதான் ஊசி குத்திக் காற்றை வெளியே எடுக்க வேண்டும், தாங்கவில்லை என்றால் மூத்த டாக்டர் அந்த ஒளியை நம்பியே முடிவெடுப்பார்.

அதே பிரிவில் ரத்தக்குழாய் தேடவும் ஒளி உதவும். உள்ளங்கைக்குக் கீழே சிவப்பு எல்.இ.டி.யை வைத்தால் புறங்கையில் சிரைகள் கருங்கோடுகளாகத் தெரியும். அழுத்தி வைக்காதீர்கள், சிரை நசுங்கி மறைந்துவிடும். மணிக்கட்டில் தெரியும் கோடு தமனியாகவும் இருக்கலாம், துடிக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகே ஊசி. பழைய ஹாலஜன் விளக்குள்ள கருவிகளால் குறைமாதக் குழந்தைகளின் தோல் வெந்துபோன சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கின்றன. அதனால் எந்த விளக்கானாலும் முதலில் உங்கள் தோலில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள், ஒரே இடத்தில் நீண்ட நேரம் வைக்காதீர்கள்.

தலையில் ஒளி காட்டுவதுதான் இதில் பழைய வரலாறு உள்ளது. 1831-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், மூளையில் நீர் கோத்துத் தலை பெருத்த ஒருவரைப் பற்றி எழுதினார், பின்னால் மெழுகுவர்த்தி பிடித்தால் அந்தத் தலையில் ஒளி ஊடுருவியதாம். பின்னாளில் குழந்தை மருத்துவர்கள் ரப்பர் வளையம் மாட்டிய டார்ச்சைக் குழந்தையின் நெற்றியிலும் பின்தலையிலும் ஒட்டவைத்து, வளையத்தைத் தாண்டி ஒளி எவ்வளவு பரவுகிறது என்று அளந்தார்கள். இப்போது உச்சிக்குழி வழியாகவே அல்ட்ராசவுண்ட் பார்த்துவிடலாம், அதனால் இதன் தேவை குறைந்துவிட்டது. ஸ்கேன் வசதி இல்லாத இடத்தில் தலைச்சுற்றளவை டேப்பால் அளந்து மாதாமாதம் குறித்து வைப்பது இதைவிடப் பயனுள்ளது.

சைனஸுக்கு வாய்க்குள் டார்ச்சை வைத்து உதட்டை மூடச் சொல்லி, கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒளிர்கிறதா என்று பார்ப்பார்கள், பல்செட் இருந்தால் கழற்றிவிட வேண்டும். நம்பகம் குறைவு, இதை வைத்து ஆன்டிபயாடிக் எழுதாதீர்கள். பல்லில் இது நன்றாகவே வேலை செய்யும். முன்பல்லின் பின்னால் மெல்லிய ஒளியை வைத்தால் சொத்தை கருப்பாகத் தெரியும், ஆழமான விரிசல் இருந்தால் ஒளி அந்த இடத்தோடு நின்றுவிடும்.

மார்பகம் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். 1929-லேயே மேக்ஸ் கட்லர் என்ற அமெரிக்க மருத்துவர் மார்பகத்தில் ஒளி காட்டிப் பார்க்கும் முறையை எழுதினார். பின்னர் அகச்சிவப்பு ஒளியும் கேமராவும் வைத்து மறுபடி முயன்றார்கள், மேமோகிராமோடு, அதாவது மார்பக எக்ஸ்-ரேயோடு ஒப்பிட்டபோது சிறிய புற்றுகளை அது தவறவிட்டது, அதனால் கைவிட்டார்கள். இன்றும் வீட்டிலேயே பார்க்கலாம் என்று விளக்குகளை விற்கிறார்கள். வாங்காதீர்கள் அக்கா, தங்கச்சிகளே. மார்பகத்தில் கட்டி தட்டுப்பட்டால் ஒளிர்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரும் விரலுக்குள் ஒளி செலுத்தும் கருவிதான். ஜப்பானில் தக்குவோ அயோயாகி 1970-களில் உருவாக்கிய முறை அது. சுமார் 660 நானோமீட்டர் சிவப்பையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பையும் மாறி மாறி அனுப்பி, ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் அவற்றை விழுங்கும் வித்தியாசத்தைக் கணக்கிடுகிறது. துடிப்போடு கூடிக் குறையும் ஒளியைத்தான் அது படிக்கிறது, அதனால் கை ஜில்லென்று இருந்தாலோ விரல் அசைந்தாலோ தப்பாகக் காட்டும். நெயில் பாலிஷைத் துடைத்துவிட்டு, கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, எண் ஒரே இடத்தில் நின்ற பிறகு படியுங்கள். 2020-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், கருவி சரி என்று காட்டியும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகமாகத் தெரியவந்தது. கருத்த தோலுக்கு இது கொஞ்சம் கூட்டியே காட்டலாம், அதனால் மூச்சு வாங்குகிறது, உதடு நீலமாகிறது என்றால் 96 காட்டினாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாக, பார்த்ததைக் கேஸ் ஷீட்டில் ஒழுங்காக எழுதுங்கள். ‘பாசிட்டிவ்’ என்று ஒரே வார்த்தை போதாது. எந்தப் பக்கம், எந்த மாதிரி டார்ச், அறை இருட்டாக இருந்ததா, முழுசாக ஒளிர்ந்ததா அல்லது ஒரு பகுதி மட்டுமா, விதையின் நிழல் எங்கே, வீக்கத்துக்கு மேலே விரல்கள் சேர்ந்தனவா, இருமலில் உந்தல் இருந்ததா, விதையைத் தனியாகத் தொட முடிந்ததா. ‘வலது விதைப்பை, இருட்டறையில் பேனா டார்ச்சில் முழுவதும் ஒளிர்கிறது, விதை நிழல் பின்பக்கம், மேலே விரல் சேர்கிறது, விதையைத் தொட முடியவில்லை, ஸ்கேனுக்கு அனுப்பப்பட்டது’ என்று எழுதினால் அடுத்த ஷிப்டில் வரும் டாக்டர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.